வில்வண்டி முதல் மாருதி வரை: ஒரு பட்டையின் கதை

பனமரத்துப்பட்டி பிரிவில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், நாமக்கல் ரோட்டில் போகும் லாரிகளை எண்ணி மாளாது. அவற்றின் அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்கும் இரும்புக்கும் நம்ம தாத்தா காலத்து வில்வண்டிக்கும் ஒரே பெயர்: வில். சாதா மாட்டுவண்டிக்கு வில் கிடையாது. பட்டை வைத்துக் கட்டியதால்தான் அது வில்வண்டி.

லண்டனில் ஒபடையா எலியட் என்பவர் கோச்சு வண்டிக்கு நீள்வட்ட வில் அமைத்துக் காப்புரிமை வாங்கியது 1804-ல். கார் வந்தபோதும் அதே பட்டைதான் கூடவே வந்தது. நம்ம அம்பாசிடர் 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை பின்பக்கம் பட்டையில்தான் ஓடியது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பட்டை என்பது பட்டறையில் கை வைக்கக்கூடிய பொருள். யூ போல்ட்டைக் கழற்றி, சென்டர் போல்ட்டை உருவினால் கட்டு பிரிந்துவிடும். பத்துப் பட்டையோடு அதே அளவில் ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். 1991-க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடும் லைசென்ஸ் முறையும் இருந்த நாட்டில், வெளிநாட்டு சஸ்பென்ஷன் செட்டை நினைத்தவுடன் வாங்கிப் போட முடியாது. பட்டறைதான் கதி. அதனால் "நாமே செய்வதா, வாங்குவதா" என்பது அன்று பலருக்கு ஒரு தேர்வே இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். வில்லுக்கான எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு மிதமான சூட்டில் மறுபடி பதம் ஏற்றுவார்கள். தொய்ந்த பட்டையை உலையில் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறவிட்டால் பதம் போய்விடும். பார்க்க நன்றாக நிமிர்ந்து நிற்கும், பாரம் ஏறினால் மறுபடி தொய்யும். தடிமனிலும் இதே ஆபத்து. 10 மி.மீ. பட்டையை 11 ஆக்கினால் விறைப்பு 10 அல்ல, 33 சதவீதம் ஏறும். தடிமனின் மும்மடிப் பெருக்கம்தான் கணக்கு. ஸ்பிரிங் தாங்குகிறதே என்று பாரம் ஏற்றுவார்கள். பிரேக்கும் அச்சும் டயரும் மட்டும் பழையபடியே இருக்கும்! 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதிகபாரத்துக்கு எதிராகக் கண்டிப்பு காட்டியது.

1983-ல் மாருதி 800 முன்பக்கம் ஸ்டிரட்டோடு வந்தது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கோர்த்த அமைப்பு. இதை உலையில் வைத்து ஒன்றும் செய்ய முடியாது, வாங்கித்தான் போட வேண்டும். கம்ப்ரஸர் இல்லாமல் அதைப் பிரிக்கப் போனால் ஸ்பிரிங் தெறித்து உயிருக்கே உலை வைக்கும். சிலர் காரைத் தாழ்த்த அதே காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டுகிறார்கள். சுற்று குறைந்தால் விறைப்பு கூடும், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு நழுவவும் கூடும்.

என்னைக் கேட்டால், பட்டறைக்காரர் அறிவு குறைந்தது அல்ல, கடைப் பொருள் எல்லாம் தரமும் அல்ல. வேறுபாடு சோதனையில் இருக்கிறது. நல்ல கம்பெனி ஸ்பிரிங்கை லட்சம் தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு விற்கும். பட்டறையில் செய்ததைச் சோதித்துப் பார்ப்பது ரோடுதான். அந்த ரோட்டில் எதிரே வருபவர் இந்தச் சோதனைக்குச் சம்மதித்தவர் இல்லையே!

தேய்ந்த பட்டை கடைசியில் அரிவாளாகிறது. அந்த வேலையில் நம்ம ஊர் உலையை மிஞ்ச ஆளில்லை :)