ஆன்ம ஈடேற்றத்துக்கு ஒரு மடம்

இடைக்காலச் செர்பியாவை ஆண்ட நெமான்யா மரபினரின் அரண்மனைகள் பெரும்பாலும் அழிந்துவிட்ட நிலையில், அவர்கள் எழுப்பிய ஆர்த்தடாக்ஸ் துறவு மடங்களே அவ்வரசின் வரலாற்றுக்கு இன்றும் சான்றாக நிற்கின்றன. மன்னர்கள் தம் ஆன்ம ஈடேற்றத்துக்காக மடம் கட்டுவித்து, அதன் ஆலயத்துக்குள்ளேயே தம் கல்லறையையும் அமைத்துக்கொண்டனர். ‘ஸாதுஷ்பினா’ எனப்பட்ட இந்த அறக்கொடையில் பக்தியும் அரசுரிமையும் பிரிக்க இயலாதவாறு பிணைந்திருந்தன.

இவ்வழக்கத்துக்கு வித்திட்டவர் மரபின் முதல்வரான ஸ்டெஃபான் நெமான்யா. ஸ்டுடெனிட்சாவில் கன்னி மரியாளுக்கு வெண்பளிங்கு ஆலயம் எடுப்பித்த அவர், 1196-இல் ஆட்சியை மகன் ஸ்டெஃபானிடம் ஒப்படைத்து, சிமியோன் என்ற பெயரில் துறவு பூண்டார். முன்பே துறவியாகியிருந்த இளைய மகன் சாவாவுடன் அதோஸ் மலையில் சேர்ந்து, பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் அலெக்சியோஸ் 1198-இல் அளித்த சாசனத்தின் துணையுடன், பாழடைந்திருந்த ஹிலந்தார் மடத்தைச் செர்பியர்களுக்கென மீட்டெழுப்பினார். அவர் மறைந்தபின் சாவா அவருடைய உடலை ஸ்டுடெனிட்சாவுக்குக் கொண்டுவந்தார். அரியணைக்காக மோதிய அண்ணன்மார் இருவரிடையே இணக்கம் ஏற்படவும் அது உதவியது. புனிதராகப் போற்றப்பட்ட தந்தையின் கல்லறை, புதிய அரசுக்குப் படைபலத்தினும் வலிய அரணாயிற்று என்றே கொள்ள வேண்டும்.

ஆலயம் கட்டுவதோடு கொடை முடியவில்லை. மடத்தின் செலவுக்கு ஊர்களும் திராட்சைத் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் எழுதிவைக்கப்பட்டன. ஜிச்சா மடத்தில் கோபுரத்தின் அடிவழிச் சுவர்களிலேயே கொடைச் சாசனம் எழுதப்பட்டதால், உள்ளே செல்வோர் அனைவரும் அதைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. டெச்சானி மடத்துக்கு 1330-இல் அளிக்கப்பட்ட சாசனமோ, ஊர்களோடு அவற்றின் குடித்தலைவர்களையும் பெயர் பெயராகக் குறிக்கிறது. அவ்வளவு பெரிய ஆலயமும் ஓவியங்களும் யாருடைய உழைப்பில் நிலைபெற்றன என்பதை அறிய இதைவிடத் தெளிவான ஆவணம் அரிது.

அந்த டெச்சானியை 1327-இல் தொடங்கியவர் மூன்றாம் ஸ்டெஃபான் உரோஷ். கட்டடத் தலைவராக இருந்தவர் கடற்கரை நகரான கோட்டோரைச் சேர்ந்த வீத்தா என்ற பிரான்சிஸ்கன் துறவி. அதாவது, ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தைக் கட்டியவர் கத்தோலிக்கர். தெற்கு வாயிலின் மேலுள்ள கல்வெட்டில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. 1331-இல் மன்னரை அவருடைய மகன் டுஷானே அரியணையிலிருந்து இறக்க, அவர் அவ்வாண்டே சிறையில் உயிரிழந்தார். ஆயினும் தந்தையின் ஆலயப்பணியை 1335-இல் நிறைவேற்றியவரும் டுஷான்தான். அரசுரிமையைப் பறித்தவருக்கும் முன்னோர் கொடையைக் கைவிடும் துணிவு வரவில்லை.