லைடன் நகரில் நான்கு மணி நேரம்

மனநோய் மருத்துவம் என்றதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றும் காட்சி எது? சாய்வுக் கட்டில் ஒன்று, அதில் நோயாளி, அவர் கண்ணில் படாமல் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் தாடிக்காரர் ஒருவர். தாடிக்காரர் வேறு யாருமல்லர், உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் பிராய்டுதான். கேலிச் சித்திரக்காரர்கள் அவரை அந்த அறையிலேயே அடைத்துவிட்டார்கள். ஆனால் அவர் அளித்த ஆலோசனைகளுள் பேர்பெற்ற ஒன்று கட்டிலருகே நடைபெறவில்லை. ஹாலந்து நாட்டின் லைடன் நகரத் தெருக்களில், நடந்துகொண்டே நடைபெற்றது.

1910 ஆகஸ்டு மாதம். நாடி வந்தவர் குஸ்தாவ் மாலர். உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர், வயது 50. மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1907இல், மூத்த மகளை நோய்க்குப் பறிகொடுத்தவர். அதே ஆண்டில் அவருடைய இதய வால்வில் கோளாறு இருப்பதைக் கண்ட மருத்துவர்கள், நெடுந்தூரம் நடக்கக் கூடாது என்று தடை விதித்தனர். இசையை மனத்தில் உருவாக்கக் காடு மலையெல்லாம் நடந்து பழகிய மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும், எண்ணிப் பாருங்கள்! இப்போது மூன்றாவது இடி. மனைவி ஆல்மாவுக்கு, கட்டடக் கலைஞர் வால்ட்டர் குரோப்பியஸ் எழுதிய காதல் கடிதம், மாலரின் பெயருக்கே முகவரியிடப்பட்டு அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

பிராய்டு அப்போது நோர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் விடுமுறையில் இருந்தார். மாலர் தந்தி அடித்து நேரம் கேட்டார், பிறகு தாமே வேண்டாமென்றார், மறுபடியும் கேட்டார். மனக்குழப்பத்தின் இலட்சணமே அதுதானே! ஆகஸ்டு முடிவில் தாம் சிசிலிக்குப் புறப்படப் போவதாகப் பிராய்டு தெரிவித்த பிறகே, மாலர் தைரோல் மலைப்பகுதியிலிருந்து ரயிலேறினார். லைடனில் ஓர் ஓட்டலில் சந்தித்த இருவரும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடந்தார்கள்.

பேச்சில் மாலரின் பிள்ளைப் பருவம் வந்தது. தந்தை தாயைக் கொடுமைப்படுத்திய ஒரு நாள், பொறுக்க மாட்டாமல் சிறுவன் தெருவுக்கு ஓடினான். அங்கே தெருப்பாடகனின் இசைப்பெட்டியில் மலிவான பாட்டொன்று ஒலித்துக்கொண்டிருந்தது. தம் இசையில் சோகம் உச்சத்தை எட்டும்போதெல்லாம் ஏதாவதொரு சாதாரண மெட்டு குறுக்கிடுவதன் காரணம் தமக்கு அப்போதுதான் விளங்கியதாக மாலர் கூறினாராம். மனைவியிடத்தில் அவர் தம் தாயைத் தேடினார் என்பது பிராய்டின் விளக்கம்.

நடை இதற்கு எவ்வாறு துணைசெய்யும்? கட்டிலின் தலைமாட்டில் தாம் அமர்வதன் காரணத்தைப் பிராய்டே எழுதியிருக்கிறார்: நாள் முழுவதும் பிறர் தம்மை உற்றுப் பார்ப்பதை அவரால் தாங்க முடியவில்லை, தம் முகக்குறிப்பு நோயாளியின் பேச்சை மாற்றிவிடுமோ என்ற எண்ணமும் இருந்தது. பக்கத்தில் பக்கமாக நடக்கும் இருவருக்கும் இந்த வசதி தானே அமைகிறது. சொல்லக் கூசும் விஷயத்தை எதிரே உள்ள மரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இடையில் மௌனம் வந்தாலும் உறுத்துவதில்லை. கால்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

பிராய்டுக்கு இது புதிதுமன்று. 1907 வாக்கில் மாக்ஸ் ஐட்டிங்கன் என்ற இளம் மருத்துவரின் மனத்தை அவர் பகுத்தாய்ந்தது வியன்னாவில் மாலை நேர நடையின்போதுதான். பின்னாளில், 1970களில், அமெரிக்க மனநோய் மருத்துவர் தாடியஸ் காஸ்ட்ரூபாலா தம் நோயாளிகளுடன் சேர்ந்து ஓடியே சிகிச்சை செய்தார்; 1976இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். இன்று பல நாடுகளில் ஆலோசகர்கள் பூங்காக்களிலும் காட்டுப் பாதைகளிலும் இம்முறையைக் கையாளுகிறார்கள்.

சோதனைச் சான்று உண்டா என்று நீங்கள் கேட்கலாம். 2015இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 38 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். சிலர் இயற்கைச் சூழலில் 90 நிமிடம் நடந்தனர்; மற்றவர்கள் வண்டி நெரிசல் மிக்க சாலையோரத்தில் நடந்தனர். முதல் பிரிவினரிடம் தம்மைப் பற்றிய கசப்பான எண்ணங்களையே அசைபோடும் பழக்கம் குறைந்தது; அதனோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயலும் தணிந்தது. எனினும் இங்கே நாம் அவசரப்படக் கூடாது. அவர்கள் நடந்தது தனியாக; ஆலோசகர் எவரும் உடன் செல்லவில்லை. நடையின் பயன் எவ்வளவு, பேச்சின் பயன் எவ்வளவு என்பதை இந்த ஆய்வு பிரித்துக் காட்டாது. தெருவில் பேசும் இரகசியம் பிறர் காதில் விழக்கூடும் என்ற கவலையும் உண்டு. லைடனில் அந்தத் தொல்லை இல்லை. மாலரும் பிராய்டும் அங்கே அயலூர்க்காரர்கள்.

மாலருக்குப் பலன் கிடைத்ததா? ரயிலில் திரும்பும்போதே மனைவிக்குக் கவிதை எழுதினார். செப்டம்பர் 12இல் மியூனிக் நகரில் தம் எட்டாவது சிம்பொனியை அரங்கேற்றினார். அதை ஆல்மாவுக்கே காணிக்கையாக்கியிருந்தார். ஆல்மாவோ குரோப்பியஸுடன் இரகசியத் தொடர்பை விடவில்லை. அவளிடம் யாரும் எதையும் கேட்கவுமில்லை. ஆலோசனை ஒருவருக்கு மட்டுந்தானே நடந்தது!

பழுதுபட்ட அந்த இதய வால்வைக் கிருமிகள் பற்றின. அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை. 1911 மே 18இல் மாலர் காலமானார். அதன்பின், அவருடைய சொத்துகளை நிர்வகித்தவருக்குப் பிராய்டிடமிருந்து ஒரு கட்டணச் சீட்டு வந்தது: லைடன் ஆலோசனைக்காக 300 குரோனன்.