வாய் திறக்கும் வரையில்

அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத் தூணில் மாட்டியிருந்த குவளையில் எப்போதும் ஐந்து பிரஷ்கள் இருக்கும். அவற்றுள் ஒன்றின் காம்பில் மட்டும் சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் உறை ஏற்றப்பட்டிருக்கும். அது என் அக்காளுடையது. பிறக்கும்போதே மூச்சுத் திணறி மூளையில் அடிபட்டதனால், கையும் காலும் தம் இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்ளும் தேகம் அவளுக்கு. மெல்லிய காம்பை அவள் விரல்கள் பற்றமாட்டா என்பதைப் பல நாள் பார்த்திருந்த எங்கள் தகப்பனார், ஒரு நாள் சைக்கிள் கடையிலிருந்து அந்த உறையை வாங்கிவந்து, வெந்நீரில் போட்டு இளக்கி, பிரஷ்ஷின்மேல் செருகி அவள் கையில் கொடுத்தார். பிடியைப் பருமனாக்கிக் கொடுக்கும் அந்த உபாயம் தந்த வைத்தியக் கல்லூரிகளில் பாடமாகவே சொல்லித்தரப்படுகிறது என்று நான் அறிந்தது முப்பது வருஷங்களுக்குப் பிறகு. அறிந்த அன்று தகப்பனாரைப்பற்றிய பெருமையும், அதைச் சொல்லித்தர எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவரும் வராமற்போனார்களே என்ற துக்கமும் சேர்ந்தே வந்தன.

இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமபிரான் தங்கியருளிய இடம் என்று ஸ்தலபுராணம் சொல்லும் கோதண்டராமர் கோயிலும், நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்கள் நிற்கும் அதன் மண்டபமும், சுற்றிலும் மரவள்ளிக் காடுகளும் சேகோ மில்களுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. பல்வலி என்றால் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு, அதற்கும் அடங்காவிட்டால் சேலத்துக்கு பஸ் ஏறுவதுதான் வழக்கம். என் அக்காளையும் அவளுடைய பத்தொன்பதாம் வயதில் அப்படித்தான் அழைத்துப்போனோம். வைத்தியர் நல்ல மனிதர், மரியாதையாகப் பேசினார், பாதிக் கட்டணத்தை வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தார். ஆனால் அக்காளைப் பாராமல் தகப்பனாரைப் பார்த்து, "வாய் ஒரு நிலையில நிக்காதுங்க, அடைச்சு வைக்க முடியாது, எடுத்துடலாம்" என்று சொல்லி, ஒரே அமர்வில் நான்கு கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டார். அவற்றுள் இரண்டு அடைத்துக் காப்பாற்றக்கூடிய சொத்தைகள் என்று பிற்காலத்தில் கேட்டறிந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் நிலைக்கவில்லை. அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்ற கேள்விதான் நிலைத்தது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் வழியே போனதில் கிடைத்தது.

நம் தேசத்தில் தந்த வைத்தியம் கல்லூரிப் படிப்பாக மாறி நூறாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் பட்டம்பெற்றுத் திரும்பிய டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920இல் கல்கத்தாவில் முதல் தந்த வைத்தியக் கல்லூரியை ஆரம்பித்தார். அதற்கு வேண்டிய பணத்துக்காக அவர் அந்நகரில் 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்றொரு கடையையும் நடத்தினார். சுதந்தரத்துக்குப் பின் 1948இல் தந்த வைத்தியர் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி இந்தியத் தந்த வைத்தியக் கவுன்சில் அமைந்தது. பட்டம் பெற்றவர்களை 'அ' பிரிவிலும், பட்டமின்றியே குறைந்தது ஐந்தாண்டு அதையே ஜீவனமாகக் கொண்டிருந்தவர்களை 'ஆ' பிரிவிலும் பதிந்துகொள்ளச் சட்டம் இடமளித்தது. சென்னையில் தலைமுறை தலைமுறையாகப் பல் கட்டிவந்த சீனக் குடும்பத்தாரைப்போலக் குருகுல முறையில் தொழில் பயின்றவர்கள் அந்நாளில் பலர் இருந்தார்கள். 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தந்த வைத்தியத்துக்கு ஒரு பிரிவு தோன்றி, அதுவே பிற்பாடு தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. சேலத்தை அடுத்த அரியானூரில் விநாயகா மிஷன் சங்கராச்சாரியார் பல் மருத்துவக் கல்லூரி 1980களில் வந்தது. திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கல்லூரிகள் அதற்கும் பின்னால்.

இந்தக் கல்லூரிகளிலெல்லாம் மாணவனுடைய கைக்குப் பயிற்சி வந்த முறையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இத்தனை பல் பிடுங்கவேண்டும், இத்தனை அடைக்கவேண்டும், இத்தனை பேருக்குப் பல் செட்டுக் கட்டவேண்டும் என்று ஒவ்வொரு துறையும் ஒரு கணக்கு வைத்திருக்கும். மாணவர் பாஷையில் அதற்குக் 'கோட்டா' என்று பெயர், நோயாளிக்குக் 'கேஸ்' என்று பெயர். கோட்டா முடியாதவன் பரீட்சைக்கு உட்கார முடியாது. கை பழகுவதற்கு இதைவிடச் சிறந்த வழி அந்நாளில் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், முதல் நாள் நாற்காலியில் உட்காரவே சம்மதிக்காத, இரண்டாம் நாள் உட்கார்ந்து வாயைத் திறக்காத, மூன்றாம் நாள் திறந்த வாயைக் கண்ணாடி பட்டதும் கடித்து மூடிவிடுகிற ஒருவரை, மாதக் கடைசிக்குள் பத்துச் சொத்தைகளை அடைத்துக் கையெழுத்து வாங்கவேண்டிய இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எப்படித் தேடிப் போவான்? ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை, கணக்கு தடுத்தது. அப்படியே ஐந்தாண்டு படித்து வெளியே வந்து அவன் பலகை மாட்டிய பிறகு என் அக்காளைப்போல ஒருத்தி வந்தால், அவன் கை அறிந்த ஒரே வைத்தியம் குறடாகத்தான் இருக்கும்.

அவளைப்போன்றவர்கள் பாடத்திட்டத்தில் நுழைந்தது குழந்தைகள் வாசல் வழியாக. அழுகிற பிள்ளையைப் பழக்கும் வித்தையைத் தெரிந்தவர்கள் குழந்தைப் பல் வைத்தியர்களே ஆகையால், இது இயல்பாகவே நேர்ந்தது. உபகரணத்தைப்பற்றி முதலில் சொல்லி, அடுத்து காட்டி, அதன் பிறகே செய்யவேண்டும் என்ற முறையை 1959இல் அடல்ஸ்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் வகுத்துக்கொடுத்தார். இன்றும் எந்தக் கல்லூரியிலும் அது முதற்பாடம். நம் நாட்டுக் குழந்தைப் பல் வைத்தியர்களின் சங்கம் 1979இல் அமைந்தது. தந்த வைத்தியக் கவுன்சில் 2007இல் வெளியிட்ட பட்டப்படிப்பு விதிகளில், உடலிலும் அறிவிலும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை, குழந்தைப் பல் வைத்தியத்தின் ஓர் அத்தியாயமாக இடம்பெற்றது. சிறியதானாலும் அது திறந்த வாசல். அதற்காக உழைத்த ஆசிரியர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் குழந்தை வளர்ந்துவிடுகிறது. வலிப்புக்காக ஃபெனிடாயின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வளரும் என்பது, அம்மருந்து 1938இல் பிரயோகத்துக்கு வந்த மறு ஆண்டே வைத்திய உலகம் அறிந்த விஷயம். அந்த ஈறு பதினெட்டாம் வயதோடு வளர்வதை நிறுத்திக்கொள்வதில்லை. டௌன் நோய்க்குறி உள்ளவர்களின் ஈறுகள் இளமையிலேயே நலிந்து, நடுவயதில் பற்கள் ஆடிவிடுகின்றன. ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள், இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பி முதுமை எய்தியவர்கள், இவர்களெல்லாம் எந்தத் துறைக்குப் போவது? மேற்படிப்புக்கென்று கவுன்சில் அங்கீகரித்த ஒன்பது துறைகளில் இவர்களுக்கென ஒன்றும் இல்லை. பிரிட்டனில் 2008இல் விசேஷப் பராமரிப்புத் தந்த வைத்தியம் தனித்துறையாகவே ஏற்கப்பட்டது.

அமெரிக்காவின் சரித்திரமும் நமக்கு ஒரு பாடம் தரும். 1974இல் ராபர்ட் வுட் ஜான்சன் தர்மஸ்தாபனம் பதினொரு தந்த வைத்தியக் கல்லூரிகளுக்குப் பொருளுதவி செய்து, இத்தகைய நோயாளிகளைக் கவனிக்க மாணவர்களைப் பழக்கச் சொன்னது. சியாட்டிலில் வாஷிங்டன் சர்வகலாசாலை அதற்கென்றே தொடங்கிய பயிற்சி நிலையமும் அந்த ஆண்டினதுதான். அப்படியிருந்தும், பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் இவர்களுடைய தேவையை 'மதிப்பிட'த் தெரிந்திருக்கவேண்டும் என்று விதி வர 2004 வரையில் ஆயிற்று. மதிப்பிட்டுச் 'சிகிச்சையையும் நடத்த'த் தெரிந்திருக்கவேண்டும் என்று அந்த விதி திருந்த மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. மதிப்பிடத் தெரிந்தவன் வேறிடம் போகச் சீட்டு எழுதிக்கொடுத்துவிடலாமே! அந்த இரண்டாவது வினைச்சொல்லுக்காகத்தான் அத்தனை வருஷப் பிரயாசை.

நம் சட்டமும் அசையாமல் இருந்துவிடவில்லை. ஊனமுற்றோருக்கான 1995இன் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை எண்ணியது. 2016இன் சட்டம் இருபத்தொன்றை எண்ணியதோடு, ஆஸ்பத்திரிகளில் தடையற்ற வழியும் சிகிச்சையில் முன்னுரிமையும் கொடுக்கவேண்டும் என்றும், வைத்தியர்களின் கல்வியிலேயே இவ்விஷயம் ஓர் அங்கமாகவேண்டும் என்றும் கூறியது. என் பால்யத்தில் அக்காளை 'அங்கஹீனம்' என்றார்கள். பிறகு 'ஊனமுற்றவர்' என்றார்கள். இப்போது அவளுடைய அடையாள அட்டையில் 'மாற்றுத்திறனாளி' என்று இருக்கிறது. சொல் மாறியது பெரிதல்ல என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. அட்டையைக் கையில் வாங்கிய அன்று அந்தச் சொல்லை அவள் என்னை மூன்று முறை படித்துக்காட்டச் சொன்னாள். தந்த வைத்தியத்துக்கோ, 1948ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பாடத்திட்டத்தை மறுபடி எழுதும் சந்தர்ப்பம் இதைப்போல் அடிக்கடி வாய்ப்பதில்லை.

சென்ற ஆண்டு, இரண்டு பஸ் மாறி, சேலத்தைக் கடந்து ஒரு தந்த வைத்தியக் கல்லூரிக்கு அக்காளை அழைத்துப்போனேன். அவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. எந்தத் துறை என்று சீட்டு எழுதுமிடத்தில் அரை மணி நேரம் யோசித்தார்கள். கடைசியில் குழந்தைகள் துறை ஆசிரியை ஒருவரே ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண்ணை அழைத்துக்கொண்டு பெரியவர்கள் பகுதிக்கு வந்தார். சக்கர நாற்காலியிலிருந்து அவளை இறக்க வேண்டாம் என்றார் அவர். அந்தப் பெண் பின்னால் நின்று, அக்காளின் தலையைத் தன் மடக்கிய கைக்குள் அணைத்துக்கொண்டு, எச்சில் தொண்டைக்குள் இறங்கிப் புரையேறாதபடி மோவாயைச் சற்றுத் தாழ்த்தினாள். "அம்மா, இது தண்ணி தெளிக்கிற மெஷின், முதல்ல என் நகத்துல பாருங்க" என்று தன் கட்டைவிரல் நகத்தில் காட்டி, பிறகு அக்காளின் நகத்தில் தெளித்தாள். அக்காள் சிரித்தாள். சிரித்த வாய்க்குள், பற்களுக்கு நடுவே வைக்காமல் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே விரலைச் செலுத்தி, சுண்டியிழுக்கும் தாடை தளரும் வரையில் அந்தப் பெண் அசையாமல் இருந்தாள். நூல் கட்டிய ஒரு சிறு ரப்பர்க் கட்டையை அதன் பிறகுதான் கடைவாயில் வைத்தாள். நூல் எதற்கு என்று கேட்டேன், உள்ளே நழுவினால் இழுத்தெடுக்க என்றாள். அன்று நடந்த சிகிச்சை, மேல்வரிசையின் வலப்பக்கத்தைச் சுத்தம் செய்தது மட்டும். ஐந்து நிமிஷ வேலை, ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

முடிந்ததும் அந்தப் பெண் தன் குறிப்பேட்டைப் பிரித்து, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தயங்கி நின்றாள். ஆசிரியை அதை வாங்கி, கட்டங்களுக்கு வெளியே ஓரத்தில் தேதியைப் போட்டு, "நோயாளி தாமாக வாயைத் திறந்தார்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த வியாழக்கிழமை இடப்பக்கத்துக்கு வரச்சொன்னார்கள்.