சாவேட்டில் ஒரு வரி

மன்னன் மாண்டால் கல்வெட்டுப் பேசும். மடாதிபதி மறைந்தால் சமாதி பேசும். கோத்திரம் கூறத் தெரிந்தவர்க்கோ முனிவர்களே மூதாதையராக வாய்த்தார்கள்! கதிரவனிடமிருந்தும் திங்களிடமிருந்தும் குலம் இறங்கி வந்ததாகப் பாட்டெழுதித் தரப் புலவர்கள் காத்திருந்தார்கள். ஏர் பிடித்தவனுக்கு? ஏரி வெட்டியவனுக்கு? பல்லாவரத்து மலையில் பாறை பிளந்தவனுக்கு? அவனுடைய பாட்டன் யார், பாட்டி யார் என்று கேட்டால், 'யாருக்குத் தெரியும்?' என்ற பெருமூச்சே விடையாக வருகிறது.

கல்கத்தாவை நிறுவியவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த நிலநூல் அறிஞர் தாமஸ் ஹாலண்ட், அது நம் பறங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையோடு ஒத்த இனம் என்று கண்டார். அந்தப் பாறை இனத்துக்கே 'சார்னாக்கைட்' என்று பெயர் சூட்டினார். புதைக்கப்பட்டவர் பெயர் பாறைக்கே பெயராயிற்று. பாறையை வெட்டியவர் பெயரோ எந்தக் கல்லிலும் இல்லை!

ஆனால் தோழர்களே, ஓர் ஏட்டில் உண்டு. புராணமன்று அது, பொய் புனையும் குலவரலாறுமன்று. ஊர்க் கணக்குக் கட்டோடு கட்டாகக் கிடந்த இறப்புப் பதிவேடு. அதில் நம் முன்னோர் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது ஒரே வரி. அந்த ஒரு வரியைப் படிக்கக் கற்றால், எழுதியவன் சொன்னது மட்டுமல்ல, சொல்லாமல் விட்டதும் நமக்கு விளங்கும்.

எழுதியவன் யார்?

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கெனத் தனிச்சட்டம் 1899-இல் வந்தது. இந்திய நாடு முழுமைக்குமான 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அதுவே நம் ஏடுகளுக்கு அடிப்படை. சிற்றூர்களில் அந்த ஏட்டைக் கையில் வைத்திருந்தவர் கிராம முன்சீப். மருத்துவம் படித்தவரல்லர், பல தலைமுறையாகப் பரம்பரை உரிமையாக வந்த பதவி அது. 1980 நவம்பரில்தான் முன்சீப், கர்ணம் பதவிகள் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது.

சாவுச்சேதி சுமந்து ஓடுவது யார் கடமை? ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரி மக்கள் தலையில் சுமத்தப்பட்ட கடமை. அதை எழுதுவது யார் உரிமை? ஊருக்கு நடுவே குடியிருந்தவர் உரிமை. ஓடியவன் எழுத முடியாது. எழுதியவன் சாவு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தானா என்பதே ஐயம்! இதை மனத்தில் நிறுத்திக்கொண்டு ஏட்டைத் திறப்போம்.

பயிற்சிக்காக ஒரு வரியை நாமே அமைத்துக் கொள்வோம். தாம்பரத்தை அடுத்த ஒரு சிற்றூர் ஏட்டில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்க: 'குப்பம்மாள், பெண், க/பெ மண்ணாங்கட்டி, வயது 30, கூலி, சுரம்.' அதே சாவைப் பற்றி வீட்டிலிருக்கும் பழந்தாளில் இன்னொரு குறிப்பு: 'காளயுக்தி ௵ ஐப்பசி ௴ ௰௨ ௳.' எட்டுப் பத்துச் சொற்கள்தாம். ஆனால் ஒரு குடும்பத்தின் கதையும் ஒரு நாட்டின் கதையும் இதற்குள் அடங்கிக் கிடக்கின்றன.

காலக் குறி

௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ என்று கண்டால் 'மேற்படி'. ௰௨ என்பது பன்னிரண்டு. பழைய முறையில் பத்துக்குத் தனிக்குறி ௰ உண்டு. க போன்ற உரு ஒன்று, உ போன்ற உரு இரண்டு, எ போன்ற உரு ஏழு, அ போன்ற உரு எட்டு. இதை அறியாதவர் எண்ணை எழுத்தென்று படித்துத் திகைப்பார்.

காளயுக்தி என்பது எந்த ஆண்டு? அங்கேதான் சிக்கல். அறுபது பெயர்கள் திரும்பத் திரும்பச் சுழல்கின்றன. 1858-உம் காளயுக்தி, 1918-உம் காளயுக்தி, 1978-உம் காளயுக்தி! நாரதருக்குப் பிறந்த அறுபது பிள்ளைகள் என்று கதை கட்டிய இந்த முறையில், பாட்டியின் சாவா, கொள்ளுப்பாட்டியின் சாவா என்று பேரன் பிரித்தறிய வழியில்லை. தொடர்ந்து எண்ணத்தக்க திருவள்ளுவர் ஆண்டு வேண்டும் என்று தமிழறிஞர்கள் வற்புறுத்தியது வெறும் பெருமைக்காக அன்று; வரலாறு எழுத ஏணி வேண்டும், செக்கு ஆகாது என்பதற்காக!

நிலக் கணக்கில் பசலி 1328 என்று இருந்தால் 590 கூட்டுக. 1918 ஜூலையில் தொடங்கும் ஆண்டு கிடைக்கும். வெள்ளையர் ஏட்டிலும் இத்தகைய பொறி உண்டு. சார்னாக் இறந்தது 1692 ஜனவரி என்று அவர் கல்லறை சொல்லும். இன்றைய கணக்கில் அது 1693. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச்சு 25-இல்! காலத்தின் தொடக்கத்தை வகுத்தது வானமன்று, மனிதர்தாம் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

பெயர்க் குறி

குப்பம்மாள், மண்ணாங்கட்டி. கேட்டால் சிலர் நகைப்பர். நகைப்பவர் அறியார், அப்பெயரே ஓர் இறப்புப் பதிவு என்பதை! முன்னே பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து மடிந்த வீட்டில், இதாவது தங்கட்டும் என்று குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்றார்கள். பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்துப் பிச்சை என்றார்கள். சாவு விரும்பாத பொருளாகட்டும் என்று மண்ணாங்கட்டி என்றார்கள். எனவே ஏட்டில் குப்பம்மாளைக் கண்டால், அவளுக்கு முன்னே ஏட்டில் ஏறாத பிள்ளைகள் உண்டா என்று தேடுக. பெண் பிறந்து சலித்த வீட்டில் 'போதும்பொண்ணு' பிறந்தாள்; அவளுக்கு அக்காள்மார் எத்தனை பேர் என்று தேடுக. குழந்தையைக் காத்தது குப்பையன்று. பின்னாளில் வந்த தடுப்பூசியும் தூய நீரும்தான். ஆனால் அந்தத் தாயின் அச்சம் பெயராக உறைந்து நமக்குத் துப்பாக நிற்கிறது.

க/பெ என்றால் கணவர் பெயர். த/பெ என்றால் தந்தை பெயர். ஆணுக்கு வாழ்நாள் முழுதும் ஒரே அடையாளம். பெண்ணுக்கோ மணமான நாளிலே தந்தை பெயர் உதிர்ந்துவிடுகிறது. தாய்வழி முன்னோரைத் தேடுவோர் அடிக்கடி இங்கேதான் முட்டி நிற்பர். பெண்ணுக்குத் தனியடையாளம் தராத சமுதாயம், தன் வரலாற்றில் பாதியைத் தானே அழித்துக்கொண்டது!

சாதிப் பட்டம் இன்னொரு குறி. ஓர் ஏட்டில் பட்டத்தோடு இருப்பவர், பத்தாண்டு கழித்து வேறோர் ஏட்டில் பட்டமின்றி இருக்கக்கூடும். இருவர் என்று எண்ணி ஏமாறலாகாது. 1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டு மாவட்டத்தின் தலைநகரில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டியெறியச் சொன்னது. வால் உதிர்ந்த பெயரைக் கண்டால், அந்த வீட்டுக்குள் ஒரு புதிய காற்று புகுந்ததோ என்று தேடிப் பார்க்கலாம்.

சாவைச் சொல்லும் சொல்லும் அப்படியே. 'சிவலோகப் பதவி' என்றால் சைவர். 'ஆசாரியன் திருவடி' என்றால் வைணவர். 'கர்த்தருக்குள் நித்திரை' என்றால் கிறித்தவர். 'வபாத்' என்றால் இசுலாமியர். 'இயற்கை எய்தினார்' என்று இருந்தால், அது பெரும்பாலும் நம் தோழர்கள் வீடு!

பறங்கிமலை, பல்லாவரம் பாளையங்களில் மடிந்த ஆங்கிலச் சிப்பாய்க்கு நிலைமை வேறு. அவன் அடக்கத்தைப் பாதிரியார் எழுதினார். அதன் படி இலண்டன் சென்றது. சென்னை மாகாணத்தின் அத்தகைய படிகள், 1698 முதல் 1948 வரை, இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் அடுக்கடுக்காக உள்ளன. ஆண்டவனுக்கு இரண்டு படி. ஆளப்பட்டவனுக்கு அரை வரி!

நோய்க் குறி

இப்போது கடைசிச் சொல்: 'சுரம்'. அக்கால அறிக்கைகள் சாவைச் சில கூடைகளில் போட்டன: வாந்திபேதி, வைசூரி, சுரம், வயிற்றுப்போக்கு, காயம், பிற. எதிலும் அடங்காதது எல்லாம் சுரக் கூடையில் விழுந்தது. குப்பம்மாள் மாண்டது 1918 ஐப்பசி. உலகையே உலுக்கிய நச்சுச்சுரம், இன்ப்ளூயன்சா, இந்தியாவில் கோடிக்கு மேற்பட்டோரை வாரிச் சென்ற பருவம் அது. தேதியையும் சொல்லையும் சேர்த்துப் பார்த்தால்தான், அவள் தலைவிதியால் மாளவில்லை, பெருங்கொள்ளைக்கு இரையானவள் என்று துணிய இடம் பிறக்கிறது. ஒரே வாரத்தில் அதே தெருவில் எத்தனை 'சுரம்' என்று எண்ணிப் பார்த்தால் ஐயம் மேலும் தெளியும். 'வயது 30' என்பதையோ அப்படியே நம்பலாகாது. பிறந்த நாள் அறியாதவர்க்கு முப்பது, நாற்பது, ஐம்பது என்று முழுப் பத்தாக எழுதுவதே வழக்கம்.

இன்னொன்று கேளீர்! 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் மடிந்தோர் இலட்சக்கணக்கில், செங்கற்பட்டும் தப்பவில்லை. கூலிக்கு ஒரு பவுண்டு தானியமே போதும் என்றார் ரிச்சர்டு டெம்பிள். போதாது என்று எதிர்த்து எழுதினார் சுகாதார ஆணையர் கார்னிஷ். அந்த அறிக்கைகளின் வழக்கமான கூடைகளுக்குள் 'பட்டினி' என்று ஒரு கூடை இல்லை! வயிற்றில் ஒன்றுமில்லாமல் செத்தவன், 'வயிற்றுப்போக்கு' என்று ஏடேறினான். ஆள்வோர் எழுதும் ஏட்டில் ஆள்வோர் குற்றத்துக்குக் கட்டம் இராது, இதை மறவாதீர்.

வைசூரி என்ற சொல்லுக்கு வீட்டில் வழங்கிய பெயர் 'ஆத்தா'. அம்மன் கோபம் என்று வேப்பிலை கட்டினார்கள்; குத்தூசிக்காரன் வந்தால் பிள்ளையை ஒளித்தார்கள். தாம்பரத்திலிருந்து இரயிலில் சிறிது நேரப் பயணம், கிண்டி. அங்கே 1899-இல் தோன்றிய கிங் ஆய்வகம் அம்மைப்பால் ஆக்கித் தந்தது. 1975-க்குப் பிறகு இந்திய ஏடுகளில் வைசூரிச் சாவு இல்லை. 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆத்தாளை அனுப்பி வைத்தது தீமிதியா, ஊசியா? ஏடே சாட்சி!

தாம்பரம் என்ற குறி

காசம், க்ஷயம், எலும்புருக்கி, ஆங்கிலத்தில் 'தைசிஸ்', 'கன்சம்ப்ஷன்': பல பெயர், ஒரே நோய். அதன் கிருமியை இராபர்ட் காக் 1882-இல் காட்டினார். ஆயினும் பெண் கொடுக்க மாட்டார்கள் என்றஞ்சி, குடும்பங்கள் 'மார்ச்சளி' என்றே சொல்லி மறைத்தன. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் காசநோய் நிலையம் கண்டார். 1937-இல் அரசு ஏற்றது. இன்றும் ஓர் இரயில் நிலையம் 'தாம்பரம் சானடோரியம்' என்றே பெயர் தாங்கி நிற்கிறது.

முன்னோரைத் தேடுவோர் இங்கே ஒரு விதியை அறிய வேண்டும். இறப்பு, வாழ்ந்த ஊரில் பதிவாவதில்லை. இறந்த இடத்தில் பதிவாகும். தஞ்சையிலோ நெல்லையிலோ வாழ்ந்தவர் ஏட்டில் மறைந்து போனாரா? 'சென்னைக்கு வைத்தியத்துக்குப் போனார்' என்று வீட்டில் சொல்லக் கேட்டால், தாம்பரம் ஏட்டிலும் தேடுக. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் நோய் தீரும் என்று 1959-இல் மெய்ப்பித்தது. ஒதுக்கி வைப்பது தேவையற்றதாயிற்று; வெட்கம் மட்டும் போக மறுத்தது. பின்னாளில் எயிட்ஸ் நோயாளரையும் அணைத்துக்கொண்டது இதே தாம்பரம் மருத்துவமனை. அப்போதும் பல வீடுகள் வேறு நோயின் பெயரையே சொல்லின.

இன்றைய குறி

நோய்களுக்கு உலகப் பொதுப் பட்டியல் வகுத்தவர் பாரிசின் பெர்த்தியோன்; ஆண்டு 1893. 1948 முதல் அது உலக நல நிறுவனத்தின் பொறுப்பு. வாந்திபேதி ஒன்பதாம் பதிப்பில் 001. பத்தாம் பதிப்பில் ஏ 00. பதிப்பறியாமல் எண்ணைப் படிப்பது, ஆண்டறியாமல் காளயுக்தியைப் படிப்பதே போலாம்.

எண் வந்ததால் மறைப்பு ஒழிந்ததா? இல்லை! 1990-களில் நம் ஆரம்ப சுகாதார நிலைய ஏடுகளில் சில சிசுக்களின் இறப்புக்குக் காரணம் 'சமூகக் காரணம்' என்று எழுதப்பட்டது. பெண்ணாய்ப் பிறந்ததற்காகக் கொல்லப்பட்ட சிசு என்பதே அதன் பொருள்! ஆய்வாளர்கள் அந்த இரு சொல்லைப் பிரித்துப் படித்தபோதுதான், எந்தெந்த மாவட்டத்தில் எத்தனை தொட்டில் வெறுமையாயிற்று என்று தெரிந்தது. 'வயிற்றுவலி தாளாமல் தற்கொலை' என்று நாளேடுகளில் நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! வலித்தது வயிறா? வரதட்சணையா? சாதி மறுத்த காதலா? சொல்லை அப்படியே ஏற்பவன் கிளிப்பிள்ளை. ஏன் என்று கேட்பவனே பகுத்தறிவாளன்.

எனவே இளைஞர்களே, பாட்டன் பாட்டி பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஊர் ஏடு, நகராட்சி ஏடு, கோவில் ஏடு, மருத்துவமனை ஏடு எங்கிருந்தாலும் முறைப்படி கேட்டுப் படியெடுங்கள். 2021-இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலியன தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தன. ஆகவே பழைய ஊர்ப் பெயரைச் சொல்லித் தேடுங்கள். குலப்பெருமை பேச அன்று. எந்தச் சாவு தவிர்க்கக் கூடியதாய் இருந்தது என்று அறிய! இன்று உங்கள் வீட்டில் ஒருவர் மறைந்தால், மெய்யான காரணத்தை எழுதச் சொல்லுங்கள். பெண்ணின் தந்தை பெயரோடு தாய் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். செத்தவர்க்கு நாம் செய்யக்கூடிய திவசம் அதுதான். உண்மையை உள்ளபடி எழுதிய ஒரு வரி, ஓராயிரம் பிண்டத்தினும் மேல்!