நாழி என்றொரு குழல்

பழைய வீட்டுப் பரணைக் காலி செய்யும்போது பித்தளையும் மரமும் இரும்புமாக இறங்கும் சாமான்களில் பாதிக்கு வீட்டு இளையவர்களுக்குப் பெயர் தெரியாது. அவற்றில், பார்வைக்கு ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு பொருள்களைப் பெரியவர்கள் ஒரே சொல்லால் அழைப்பார்கள். ஒன்று, கைப்பிடி இல்லாத உருளைப் பாத்திரம். மற்றொன்று, மூன்று கால்களில் நின்று, தலையில் திருகுபிடியும் அடியில் துளையிட்ட தட்டும் கொண்ட கருவி. முன்னது நாழி, பின்னது சேவை நாழி. அரிசி அளந்த பாத்திரமும் சேவை பிழிந்த கருவியும் ஒரு பெயருக்குள் எப்படி வந்தன?

அகராதிகள் நாழிக்கு உட்டுளைப் பொருள் என்றும் பொருள் சொல்கின்றன. அதாவது, குழல். மூங்கிலை எடுத்துக்கொள்வோம். ஒரு கணுவை அடியில் விட்டு, அடுத்த கணுவுக்குச் சற்றுக் கீழே அறுத்தால் அடி மூடி வாய் திறந்த பாத்திரம் தயார். தட்டான் வேண்டாம், கொல்லன் வேண்டாம். மூங்கில் நாழி அப்படிப்பட்டதுதான். உலோகத்தில் வார்த்தபோதும் அந்த உருளை வடிவம் போகவில்லை. வடமொழி 'நாடி'யோடு இச்சொல்லைச் சேர்ப்பவர்கள் உண்டு. தமிழ் வேர் காண்பவர்களும் உண்டு. எப்படியானாலும் குழல் என்ற பொருளே முந்தியது, அளவு என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது என்பது என் துணிபு. குழல் என்று கொண்டால் மாவு பிழியும் கருவிக்கு இந்தப் பெயர் வந்தது எளிதில் புரிகிறது. நெசவாளர் கையில் ஓடும் நாடாவுக்கும் நாழிகை என்றொரு பெயரை அகராதிகள் தருகின்றன. நூல் சுற்றிய தாரைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓடுவதல்லவா அது!

அளவாகவும் நாழி மிகப் பழையது. உலகாளும் அரசனுக்கும் இரவு பகல் தூங்காமல் வேட்டையாடுபவனுக்கும் உண்ணத் தேவை ஒரு நாழிதான் என்று புறநானூற்றின் 189ஆம் பாட்டில் நக்கீரனார் சொல்கிறார். முல்லைப்பாட்டில் விரிச்சி, அதாவது நற்சொல், கேட்கப் போகும் முதிய பெண்கள் நாழியில்தான் நெல்லும் முல்லைப்பூவும் கொண்டுபோகிறார்கள். தெற்கே நல்ல காரியங்களில் குத்துவிளக்கின் பக்கத்தில் நெல் நிரப்பி வைக்கும் நிறைநாழியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இராது.

கணக்கு இது: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விடுவார்கள். அதற்கு ஈடாக நாள்தோறும் உழக்கு நெய் வரவேண்டும். நாழியில் கால் பங்கு நெய்யில் ஒரு விளக்கு இரவும் பகலும் எரிந்திருக்கிறது. பிற்காலத்தில் பல ஊர்களில் நாழியின் இடத்தைப் படி என்ற பெயர் பிடித்துக்கொண்டது. மலையாளக் கணக்கில் நான்கு நாழி ஓர் இடங்கழி. அங்கே நாழி சிறியது. எனவே மலையாள வழக்கை ஒட்டிய நாகர்கோவில் பக்கத்து வீட்டில் கிடைக்கும் நாழியும் தஞ்சாவூர் வீட்டில் கிடைக்கும் நாழியும் ஒரே அளவாக இல்லையென்றால் வியக்க வேண்டாம்.

இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது, அது காலத்துக்குள் நுழைந்த விதம். அடியில் நுண்துளையிட்ட சிறு வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் நீர் மெல்ல ஏறி, குறித்த நேரத்தில் அது மூழ்கும். அது நாழிகை வட்டில். நீரளந்து பொழுது சொல்பவர்கள் முல்லைப்பாட்டுப் பாசறையிலேயே இருக்கிறார்கள். அங்கே கருவிக்குக் குறுநீர்க்கன்னல் என்று பெயர். நாளில் அறுபதில் ஒரு பங்கு, நம் கணக்கில் 24 நிமிடம், ஒரு நாழிகை. அதை அறுபதாக வகுத்தால் விநாடி. ஆக, விநாடி என்பது முன்பு 24 நொடி நீளம். இன்று கடிகாரத்தின் ஒரு துடிப்புக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டோம். பஞ்சாங்கம் மட்டும் பழைய கணக்கை விடவில்லை. அதைத் திறந்தே பார்க்காதவர்கள் வீட்டிலும் "நாழியாச்சு, கிளம்பு" என்றும் "செத்த நாழி இரேன்" என்றும் கேட்கலாம். குழல் அளவாகி, அளவு நேரமாகி, நேரம் அவசரமாகவும் ஆகிவிட்டது.

சேவை நாழிக்கு வருவோம். அதன் உருளைக்குள் வெந்த மாவு உருண்டையை வைத்துத் திருகினால், அடித்தட்டின் கண்கள் வழியே இழை இழையாக இறங்கும். தட்டை அச்சு என்றும் வில்லை என்றும் சொல்வார்கள். அச்சின் கண்ணைப் பார்த்தே அந்த வீட்டுப் பலகாரத்தைச் சொல்லிவிடலாம்: நட்சத்திரக் கண் முள்ளு முறுக்குக்கு, பொடிக்கண் ஓமப்பொடிக்கு, நீள்கீற்று ஓலை பக்கோடாவுக்கு. பல ஊர்களில் இந்தக் கருவியை முறுக்கு உழக்கு என்கிறார்கள். உழக்கும் அளவுப் பாத்திரத்தின் பெயர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஈழத்திலோ அது இடியப்ப உரல். நாழி, உழக்கு, உரல் என எந்தப் பெயரானாலும், உள்ளே வெற்றிடம் கொண்ட ஒன்றைத்தான் கருவிக்கு முன்மாதிரியாக எடுத்திருக்கிறார்கள்.

அளவு நாழியை அடையாளம் காண விளிம்பைத் தடவிப் பாருங்கள். கோல் வைத்துத் தலைதட்டி அளக்க வேண்டியது என்பதால் வாய் மட்டமாக இருக்கும், தண்ணீர் வார்க்கும் மூக்கு இருக்காது. வெளிப்பக்கம் அரசு முத்திரை அடித்திருந்தால் அது கடையிலோ களத்திலோ புழங்கியது. 1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்த பிறகு இத்தகைய படிகளும் நாழிகளும் வணிகத்திலிருந்து படிப்படியாக விலகி, சமையலறை அரிசிப் பானைக்குள் போய் ஒதுங்கின. அடியில் ஊசித்துளை உள்ள மெல்லிய செம்பு வட்டில் கிடைத்தால் ஓட்டைப் பாத்திரம் என்று ஈயம் பற்றவைத்து விடாதீர்கள். அது நாழிகை வட்டிலாக இருக்கலாம்.

பாத்திரக்கடையில் இவற்றுக்கு எடைக்குத்தான் விலை. அங்கே கொண்டுபோவதற்கு முன் வீட்டில் மூத்த பெண்மணியிடம் ஒவ்வொன்றையும் காட்டி, அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், எந்த ஊர் வழக்கு, எதற்குப் பயன்பட்டது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி அந்தப் பொருளோடு கட்டி வையுங்கள்.