சங்கிலியின் பெயர்: வடதிருமுல்லைவாயிற் பதிகத்து மூன்றாம் பாட்டு

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள வடதிருமுல்லைவாயிலில் சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய பதிகத்தின் (ஏழாம் திருமுறை, 69) மூன்றாம் பாட்டு, தாம் மணந்த சங்கிலியின் பொருட்டுத் தம் கண்ணைக் கொண்ட ஒற்றியூர்ப் பெருமானைப் பண்பாளன் என விளித்து, தாம் படும் துயரைக் களையுமாறு வேண்டுகிறது. இதனை அபராத விண்ணப்பமாகவே கொண்டு, சூளுறவு பிழைத்தவர் தண்டனையுற்று மன்னிப்பை யாசிக்கிறார் என்றும், காதல் அதற்கு ஒரு நிமித்தமே என்றும் பொருள் காணும் ஆராய்ச்சி மரபு ஒன்று உண்டு. அம்மரபினர் பெரியபுராணத்தை முன்னரே மனத்திற் கொண்டு பின்னரே பாட்டுக்கு வந்திருக்கின்றனர் என்று கருதுகிறேன்.

பூவிருந்தவல்லியை அடுத்த குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், பூத்தொடுக்கும் சங்கிலியைச் சுந்தரர் கண்டதையும், இறைவனே தூது சென்றதையும், அவளைப் பிரியேன் என மகிழின் கீழ் நிகழ்ந்த சபதத்தையும் 12ஆம் நூற்றாண்டில் அப்புராணத்தில் விரித்துரைத்தார். பாட்டிலோ சபதமும் இல்லை, மகிழ மரமும் இல்லை, அச்சபதம் பிழைத்து ஒற்றியூர் எல்லை கடந்து போந்த செய்தியும் இல்லை. பிராயச்சித்தம் வேண்டுபவர் தம் பிழையைப் பெயரிட்டுச் சொல்வதே இயல்பாயிருக்க, இங்கே பெயரிட்டுச் சொல்லப்படுவது பிழையன்று, ஒரு பெண்.

அகப்பாட்டின் சம்பிரதாயத்தை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். அன்பின் ஐந்திணையில் ஒருவருடைய இயற்பெயரைச் சுட்டலாகாது எனத் தொல்காப்பியம் விதிக்கிறது. அவ்விதிக்கு அடங்கிய புலவர்கள் பெயரை மறைத்து, நிலத்தாலும் பொழுதாலும் கருப்பொருளாலும் உணர்ச்சியைப் புலப்படுத்தினார்கள். சுந்தரர் செய்ததோ இதற்கு நேர்மாறானது. இப்பாட்டில் பெயரைச் சொன்னார், அவளுடைய வடிவைப் பற்றியோ, அவளைப் பிரிந்த வருத்தத்தைப் பற்றியோ ஒன்றும் சொன்னாரில்லை. சொல்வன்மை குன்றியதால் நேர்ந்த மௌனமும் அன்று இது. ஏனெனில், நெல்லைக் கொண்டுசெல்ல ஆள் வேண்டிக் கோளிலியிற் பாடும்போது, தம் மற்றொரு மனைவியாகிய பரவையின் கண்ணழகையும் வாட்டத்தையும் சொல்லி, அவளது பசி வருத்தத்தையும் பெயரோடு முறையிட அவர் தயங்கவில்லை. மேலும், முல்லைவாயிற் பதிகத்தின் முதற் பாட்டிலேயே, காதலர்க்கு உரிய ஊடலைத் தாம் கொண்டதாக உரைக்கிறார். சிருங்காரத்தின் மொழி கைவசம் இருந்தும் இப்பாட்டில் அதனைச் சங்கிலிக்கு அவர் செலவிடவில்லை. அவள் பெயர் வரும் ஆரூர்ப் பதிகம் ஒன்றிலும் அவளைத் தம்மோடு கூட்டிய இறைவனே போற்றப்படுகிறான். அங்கும் அவளுக்கு ஓர் அடைமொழியும் இல்லை.

இவற்றால் நான் துணியும் முடிவு இது: சங்கிலியின்பாற் கொண்ட காதலை வருணனையால் சொல்லவியலாது எனக் கண்ட சுந்தரர், அதற்காகத் தாம் இழந்ததைச் சொல்வதன் வாயிலாக அதனைச் சொன்னார். கண்ணைப் பறித்தவனைப் பண்பாளன் என்றது வஞ்சப் புகழ்ச்சி எனக் கொள்வாரும் உளர். ஒற்றியூர்ப் பதிகத்தில், முகத்திற் கண்ணிழந்து எவ்வாறு வாழ்வேன் என்று கடிந்தும் கெஞ்சியும் பேசியவர் ஆதலின், அவ்வாறு கொள்ள இடமுண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அவள் பெயரை அடுத்தே அவ்விளி அமைந்திருத்தலை நோக்க, அவள் பக்கம் நின்ற இறைவனின் செயலை நியாயமென ஒப்புக்கொண்ட குரலையே நான் கேட்கிறேன். இரு கண்களுக்கு ஈடானவள் என்று அவளை மதித்தவரே அவ்வாறு ஒப்பமுடியும்.

பெயர் யாப்பை நிரப்ப வந்தது என்பார் கூற்று, சுந்தரரின் யாப்பாட்சியை அறிந்தோர்க்கு மறுமொழி வேண்டாதது. பதிகம் இத்தலத்துக்கு உரியதா என ஐயுறுவார்க்கும், பாட்டுத்தோறும் வரும் ஊர்ப்பெயரே விடையாகும். பக்தி காதலைத் தன்னுள் அடக்கிக்கொண்டது என்னும் வாதம் ஒன்றே கனமுடையது. அது மெய்யாயின், இறைவனைப் பாடும் இடத்தில் சங்கிலியின் பெயர் நின்றிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே இம்மூன்றாம் பாட்டை அபராத விண்ணப்பங்களின் வரிசையில் மட்டும் வைத்துக் கற்பித்தல் போதாது. அகமரபு தன் விதியைத் தானே மீறிக்கொண்ட இடங்களுள் ஒன்றாக, தமிழ்க் காதற் கவிதையின் சரித்திரத்திலும் அதற்கு இடமளித்தல் வேண்டும்.