மலையை வெட்டிய கைகளும் தாமதமாக வந்த சட்டமும்

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தெர்லா ஆறு தெலோம் ஆற்றோடு கலக்கும் இடத்தில் அமைந்த கோலா தெர்லாவுக்குத் தாப்பாவிலிருந்து மோட்டாரில் ஏறிவரும் யாத்திரிகர், இருமருங்கிலும் படிப்படியாக எழும் தேயிலைச் சரிவுகளின் சௌந்தரியத்தில் மனம் பறிகொடுப்பது இயல்பே. ஆயினும் அந்தப் பாதையையும் சரிவுகளையும் நிர்மாணித்த தொழிலாளரின் பிராணனைக் காக்க அக்காலத்தில் என்ன ஏற்பாடு இருந்தது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இப்பிரதேசத்தை அளந்து சென்ற பிறகு நாற்பது ஆண்டுகள் காடாகவே கிடந்த இம்மலைக்கு, 1925இல் ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்ததன் விளைவாகச் சாலை அமைக்கும் யோசனை உருவாயிற்று. 1928இல் தொடங்கிய அவ்வேலையில், கனமான யந்திரங்களை மேலே ஏற்றுவதற்கு, உயரத்தில் நின்ற பெருமரங்களில் கப்பிகளைப் பூட்டி, இரும்புக் கயிற்றால் இழுத்தார்கள். கயிறு அறுந்தால் கீழே நிற்பவன் கதி என்ன என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அதற்கு அஞ்சாதவனையும் மலேரியாக் காய்ச்சல் விடவில்லை. 1929இல் 'போ' தேயிலைத் தோட்டம் தோன்றியபோதும், கானகத்தை அழித்துச் செங்குத்தான மண்ணைத் திருத்தியவை மனிதக் கைகளே. ஆபத்தைப் பற்றி அவர்களுக்குப் போதித்த ஆசான் அனுபவம் ஒன்றுதான்; அதனிடம் பாடம் கேட்பதற்குள் பலருக்கு ஆயுள் முடிந்துவிடும்.

அடுத்த பெருமுயற்சி நீர்மின் திட்டம். 1958இல் உலக வங்கி கொடுத்த கடனின் துணையோடு மத்திய மின்சார வாரியம் தெலோம் ஆற்று நீரை மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே பெர்தாம் பள்ளத்தாக்குக்குத் திருப்பி, ரிங்லெட்டில் அணை கட்டி, 1963இல் திட்டத்தை நிறைவேற்றியது. கோலா தெர்லாவிலும் ஒரு சிறு மின்நிலையம் எழுந்தது. பாறையைக் குடையும் வேலையில் வெடிக்காமல் தங்கிய மருந்தும், மேலிருந்து உதிரும் கல்லும், நுரையீரலில் படியும் கற்றூளும் எக்காலத்திலும் சத்துருக்களே.

அன்று சட்டம் எந்நிலையில் இருந்தது? சாரம் கட்டுதல், பாரம் தூக்குதல் ஆகியவற்றுக்கான சர்வதேச உடன்படிக்கை ஒன்று ஜெனீவாவில் 1937லேயே பிறந்துவிட்டது. மலாயாவிலோ 1952ஆம் ஆண்டின் சட்டம் காயமுற்றவனுக்கும் மாண்டவனின் குடும்பத்துக்கும் நஷ்டஈடு வழங்கிற்றே அன்றி, விபத்தைத் தடுக்கும் உபாயம் சொல்லவில்லை. சாரம், ஏணி, பள்ளம் தோண்டுதல், கட்டடம் இடித்தல், வெடிமருந்து என நிர்மாண வேலையின் ஒவ்வோர் அங்கத்துக்கும் தனி விதிகள் வந்தது 1986இல். அணை எழுந்து அப்போது இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தொழிலாளியின் க்ஷேமத்துக்கு முதலாளியே பொறுப்பாளி என்ற பொதுக் கடமையை 1994ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது. உடனடி ஆபத்து நேரும் என்று நியாயமாக அஞ்சுபவன், அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், வேலையிடத்தை விட்டு விலகலாம் என்ற உரிமை 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது.

மனிதனின் சட்டம் மாறினாலும் மலையின் சுபாவம் மாறவில்லை. அடிச்சரிவை வெட்டினால் மேல்மண் ஆதாரம் இழக்கிறது. மழைநீர் உள்ளே இறங்கினால் மண்ணின் பாரம் மிகுந்து பிடிப்புத் தளர்கிறது. ஆகவே வெட்டுமுன் மேலே வடிகால் அமைப்பதும், படிகளாக வெட்டுவதும், விரிசல் கண்டவுடன் ஆட்களை விலக்குவதும், சரிவின் அடியில் குடிசை போடாதிருப்பதும் தலைக்கவசத்தைவிட முந்திய பாதுகாப்பு. 2024 ஜனவரி 26 அன்று கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலியில், விடியுமுன் சரிந்த மண்ணில் புதைந்து மியன்மார்த் தொழிலாளர் ஐவர் மாண்டது இந்த உண்மையின் கொடிய சாட்சியம்.

நம் பாட்டனார் காலத்தில் விலகி நிற்கும் உரிமை இல்லை. இன்று அது உண்டு. ஆனால் தன் மொழியில் எடுத்துச் சொல்லப்படாத உரிமை, அந்நிய தேசத்திலிருந்து வந்து இம்மலையில் மண் வெட்டுபவனுக்குப் பயன்படாது. அதை அவனுக்குப் புரியும்படி சொல்வதும், அவன் விலகி நின்ற நாளில் கூலியைப் பறிக்காதிருப்பதும், முன்னோரின் உழைப்பால் இம்மலையில் வாழ்வு பெற்ற நமது தலையாய தர்மமாகும்.